கூட்டினால் எட்டு

“இந்த வாரம் எந்த வண்டின்னு நான்தான் முடிவு பண்ணுவேன், அங்கிள்.”

வெண்பா இதைச் சொன்னபோது வேலுமணி அங்கிளின் வாயில் பாதி போண்டா இருந்தது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் கராஜ் கூரையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் சினேகிதர் நஞ்சுண்டன் தன் போண்டாவைச் சட்னிக்குள்ளேயே விட்டுவிட்டார். சமையலறைக் கதவருகே சாந்தாமணி ஆன்ட்டியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

சொல்லக் கூடாததைச் சொல்லியாயிற்று.

இந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்றே ஆன்ட்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எது வேண்டுமானாலும் கேள், கார் இரவல் கேள், லீவு கேள், என் பட்டுப்புடவையைக்கூடக் கேள். என் வீட்டுக்காரர் இந்த வண்டி என்று சொன்ன பிறகு இல்லை அந்த வண்டி என்று மட்டும் வாயைத் திறக்காதே. “நான் இருவத்தஞ்சு வருசமா தொறக்கல கண்ணு” என்று அதில் ஒரு பெருமை வேறு. அங்கிள் இறக்குமதி செய்கிற ஜப்பான் வண்டிக்கு இருபத்தைந்து வயது முடிந்தால்தான் அமெரிக்கா லேசில் உள்ளே விடும். ஆன்ட்டிக்கும் அந்த வயது ஆகிவிட்டது, பாவம், இன்னும் துறைமுகத்திலேயே நிற்கிறார் என்று அன்றைக்கு வெண்பா நினைத்துக்கொண்டாள்.

வேலுமணி ஒரு கன்சல்டன்சி முதலாளி. வெண்பாவோடு சேர்த்து நிறையப் பேரின் விசா அவர் கம்பெனி பெயரில்தான் ஓடுகிறது. வாரநாளெல்லாம் அவள் ஒரு இன்ஷூரன்ஸ்காரனுக்கு டெஸ்டிங் பண்ணுவாள். சனி ஞாயிறு அங்கிளின் ஆசைக்கு உழைப்பாள். ஆசை என்பது ஜப்பான் மினி டிரக்.

டாலஸுக்கு வடக்கே ஐ.டி.யில் சம்பாதித்த நம் ஆட்கள் ஆளுக்கு ரெண்டு ஏக்கர், அஞ்சு ஏக்கர் என்று வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தொப்பி வைத்துக்கொண்டு நாலு கத்திரிக்காயோடு செல்ஃபி எடுத்து விவசாயி ஆகிவிட்டிருந்தார்கள். விவசாயிக்கு வண்டி வேண்டும். அமெரிக்க பிக்கப் டிரக்கில் ஏறினால் இறங்குவதற்கு ஏணி தேவைப்படுகிறது. ஜப்பானில் முட்டைக்கோஸ் ஏற்றிய குட்டி டிரக் என்றால் சாமான் ஏற்றுகிற தட்டு இடுப்பு உயரம்தான், ஸ்டியரிங்கும் ஊரில் இருப்பது போல வலது பக்கம். டெக்ஸஸ் அதற்கு நம்பர் பிளேட் கொடுக்க ஒத்துக்கொண்ட கையோடு அங்கிள் கராஜில் போர்டு மாட்டிவிட்டார். ‘மதன் மோட்டார்ஸ்’.

மதன் அவருடைய மகன். சான் ஹோசேயில் இருக்கிறான், எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறான், இந்த வியாபாரத்தில் அவன் பங்கு பெயர் மட்டும். அவனைக் கேட்காமலே அங்கிள் அவனுக்கு ஒரு ஹோண்டா ஆக்டி அனுப்பி வைத்தார். கலிஃபோர்னியாவில் புகைச் சட்டம் வேறு மாதிரி, நம்பர் பிளேட் கிடைக்கவில்லை. இப்போது அது அவன் கராஜில் சைக்கிள் சாத்தி வைக்கிற ஸ்டாண்டாக இருக்கிறது. ஆனால் சேஸிஸ் நம்பரைக் கூட்டினால் ஆறு வரும், அந்த வகையில் குறையில்லை.

ஆமாம், வேலுமணி அங்கிள் வண்டி எடுப்பது அப்படித்தான். என்ஜின், கியர், ஓடிய தூரம் எல்லாம் வெண்பா பார்த்து வைப்பாள். ஜப்பான் ஏல வெப்சைட்டில் வாராவாரம் வருகிற குட்டி டிரக்குகளைச் சலித்து, யோகோஹாமா ஏஜென்ட்டோடு பேசி, வண்டிக்கு அடியில் போனை நீட்டி வீடியோ எடுக்கச் சொல்லி, நல்லதாக மூன்று நான்கு பொறுக்கி வைப்பாள். கடைசியில் அங்கிள் வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு சேஸிஸ் நம்பரைக் கூட்டுவார். ஆறு என்றால் முகம் மலரும். ஒன்று, மூன்று, ஐந்து பரவாயில்லை. எட்டு என்றால் சனி, லேப்டாப்பை மூடச் சொல்லிவிடுவார்.

நஞ்சுண்டனுக்கு நம்பர் பைத்தியம் கிடையாது. அவருக்கு வேறு. சுஸுகி கேரி என்பது நம் ஊர் ஆம்னியேதான், பார்ட்ஸெல்லாம் கோயமுத்தூர் உக்கடத்தில் கொட்டிக் கிடக்கிறது என்று அடித்துச் சொல்லி, போன தடவை ஊருக்குப் போனபோது பருப்புப்பொடிக்கும் முறுக்குக்கும் நடுவில் ஒரு ஆம்னி கார்புரேட்டரைப் பொதிந்து கொண்டுவந்தார். ஏர்போர்ட்டில் நாய் முதற்கொண்டு மோந்து பார்த்தது. இங்கே வந்து கேரியின் சீட்டைத் தூக்கினால், அந்த மாடலில் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்ஷன். அந்த அலுமினியச் சாமான் இப்போது அவர் வீட்டு ஷோகேஸில் நடராஜர் பக்கத்தில் இருக்கிறது.

இவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில்தான் வெண்பா. காங்கேயம் பக்கம். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். அவர்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்த பிறவி. மெக்கானிக்கல் படித்தாள். அமெரிக்கா வந்து கம்ப்யூட்டரில் விழுந்தாள். வாய் ஜாஸ்தி என்று ஊரிலும் பெயர், இங்கேயும் பெயர்.

இந்த வாரத்து வண்டி ஸ்வர்ணாவுக்கு.

ஸ்வர்ணா அக்கா மற்றவர்களைப் போல செல்ஃபி விவசாயி இல்லை. விவாகரத்துக்குப் பிறகு டாலஸுக்கு வடக்கே செலைனா பக்கம் ரெண்டு ஏக்கரில் நிஜமாகவே இறங்கி, கறிவேப்பிலையும் முருங்கையும் பசுமைக்குடிலுக்குள் வாழையும் போட்டு, கோயிலுக்கும் கடைகளுக்கும் வாரம் முழுக்க இலைக்கட்டு கொண்டுபோய் இறக்குகிறவர். இதுவரை எல்லாவற்றையும் பழைய மினிவேனில்தான் ஏற்றினார். அந்த வேன் போன மாதம் நடுரோட்டில் உயிரை விட்டது. அன்றிலிருந்து ஒரு சினேகிதியின் காரை இரவல் வாங்கி ஓட்டுகிறார். சினேகிதியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கி வருகிறது. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது, ஆட்டோமேட்டிக்தான் வேண்டும். குட்டி டிரக்கில் ஆட்டோமேட்டிக் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஸ்வர்ணா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். எனக்கு வண்டி தெரியாது வெண்பா, நீ எதைச் சொல்றியோ அது.

அதைத்தான் வெண்பா ரெண்டு மாதமாகத் தேடினாள். இந்த வாரம் ரெண்டு ஆட்டோமேட்டிக் வந்தன.

ஒன்று சுபாரு சாம்பார். பெயரைக் கேட்டு எல்லாரும் இட்லி ஜோக் அடித்து ஓய்ந்து ஒரு வருடம் ஆகிறது. நஞ்சுண்டன் மட்டும் இன்னும் ஓயவில்லை. என்ஜின் பின்னால், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், மேடு பள்ளத்தில் இலைக்கட்டு துள்ளாது. கியூஷுவில் ஒரு கிழவர் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டியது. தெற்குத் தீவு, பனி ஜாஸ்தி இல்லை, ரோட்டில் உப்புக் கொட்ட மாட்டார்கள். ஏஜென்ட் வீடியோவில் அடிப்பாகம் கழுவி வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. சேஸிஸ் நம்பரைக் கூட்டினால் எட்டு.

இன்னொன்று ஹோண்டா ஆக்டி. அதுவும் நல்ல வண்டிதான், வெண்பாவுக்கு ஆக்டியோடு ஒரு பகையும் கிடையாது. ஆனால் இந்த ஆக்டி ஹொக்கைடோவிலிருந்து வந்தது. வருடத்தில் பாதி நாள் பனியிலும் உப்பிலும் ஊறிய உடம்பு. மேலே புதுப் பெயின்ட், மணப்பெண் மேக்கப். அடியில் ஏஜென்ட் விரல் முட்டியால் ஃபிரேமைத் தட்டினார். மிக்சர் பொட்டலத்தைக் கவிழ்த்த மாதிரி துரு கொட்டியது. தட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தில் ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. கூட்டினால் ஆறு.

ஜப்பானில் திங்கட்கிழமை விடிந்ததும் ஏலம். இங்கே அது ஞாயிறு இருட்டுகிற நேரம். இப்போது மத்தியானம். வெண்பா உள்ளே வருவதற்கு முன்னாலேயே அங்கிள் ஆக்டி என்று முடிவு செய்திருந்தார். அதற்குத்தான் போண்டா.

ஒருவழியாக வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவர் சிரித்தார். கோபப்படவில்லை. வேலுமணி கோபப்படுகிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் கஷ்டம். நீ படிச்ச பொண்ணு, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும், ஆனா இது என்ஜின் விஷயம் இல்லை என்று பொறுமையாக ஆரம்பித்தார். தனியாக இருக்கிற பெண், ஏற்கனவே ஒரு கல்யாணம் முறிந்து நிற்கிறது, அவளுக்குப் போய் சனி வண்டியைக் கொடுப்பதா, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்று கேட்டார். துருவெல்லாம் ஒரு விஷயமா, வெல்டு அடித்தால் போயிற்று என்றார் நஞ்சுண்டன். கோயமுத்தூரில் இது ஒரு மத்தியான வேலையாம். நாம் கோயமுத்தூரில் இல்லை என்று வெண்பா சொன்னாள். அந்தக் கவலை தனக்கும் உண்டு என்று நஞ்சுண்டன் பெருமூச்சு விட்டார்.

“நீ ஒண்ணு பண்ணு கண்ணு. ஸ்வர்ணாவுக்கு ஒரு போன் போட்டு, சாம்பாரு கைமாறிப்போச்சு, ஆக்டிதான் இருக்குது, அதுவே நல்ல வண்டின்னு சொல்லீரு. நீ சொன்னா அந்தப் புள்ள கேட்டுக்கும்.”

அப்போதுதான் வெண்பாவுக்குப் புரிந்தது. அவள் பொறுக்கியதும் வேண்டாம், பார்த்து வைத்ததும் வேண்டாம். அவள் வாய் மட்டும் வேண்டும். ஊரெல்லாம் ஜாஸ்தி என்று சொன்ன அதே வாய்.

போனை எடுத்தாள். போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்வர்ணா வாழைக்கு நடுவில் எங்கோ நின்றுகொண்டு பேசினார்; தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. வெண்பா சுற்றி வளைக்கவில்லை. அங்கிளும் நஞ்சுண்டனும் கூடவே கேட்கிறார்கள் என்பதை முதலில் சொன்னாள். ரெண்டு வண்டி இருக்கிறது என்றாள். ஒன்றின் அடிப்பாகம் சுத்தம், ஆனால் நம்பர் கூட்டினால் எட்டு. இன்னொன்றின் நம்பர் ஆறு, ஆனால் அடியில் ஓட்டை. இங்கே பெரியவர்கள் ஆறு என்கிறார்கள், நான் எட்டு என்கிறேன், வண்டி உங்களுடையது, நீங்கள் சொல்லுங்கள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்காவுக்கும் இதில் நம்பிக்கை இருந்துவிட்டால்? அந்த நிமிஷம் வரை வெண்பாவுக்கு அது தோன்றவே இல்லை. யாரும் ஸ்வர்ணாவைக் கேட்கவில்லை என்று கொதித்தவள், தானும் இதுவரை கேட்கவில்லை.

“என் கல்யாணத் தேதி கூட்டு ஆறு வெண்பா” என்றார் ஸ்வர்ணா. “பத்துக்கு ஒம்பது பொருத்தம். எங்கப்பா மூணு ஜோசியர்கிட்ட காட்டித்தான் பண்ணாரு.”

நஞ்சுண்டனுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றினார். கதவருகே வளையல் ஒரு தடவை குலுங்கியது. எட்டையே போடு என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணா தண்ணீரை மறுபடி திறந்தார். அவருக்கு அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது, போனை வைத்துவிட்டார்.

அங்கிளுக்கு முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு விவரம் பத்தாது, அடிபட்ட மனசு, அப்படித்தான் பேசும் என்றார். என் கம்பெனி பெயரில் எட்டு கப்பல் ஏறாது என்றார். பிறகு குரல் இறங்கியது. பல்லடம் ரோட்டில் தன் அண்ணன் ஓட்டிய டெம்போவைப் பற்றிச் சொன்னார். அது எட்டு. எல்லாரும் சொன்னார்கள், அண்ணன் கேட்கவில்லை. அவர் இதைச் சொல்லும்போது எப்போதும் போலக் கண் கலங்கியது, நடிப்பு இல்லை. வெண்பாவுக்கு அது தெரியும். அவருடைய அண்ணன் படத்துக்கு வருடாவருடம் ஆன்ட்டி பாயசம் வைக்கிற நாளில் இவளும் இலை போட்டிருக்கிறாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பாள்.

“அந்த டெம்போவுக்குப் பிரேக் பிடிக்காது அங்கிள். மாசக்கணக்கா பிடிக்கலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

வேலுமணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். தான் சொன்னது கத்தி மாதிரிப் போய் இறங்கியிருக்கிறது என்று வெண்பாவுக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அந்தக் குறுக்குச் சட்டத்து ஓட்டையில் தெரிந்த வெளிச்சமும் கண்ணிலேயே நின்றது. இலைக்கட்டு ஏற்றிய வண்டியை ஸ்வர்ணா ஒரு பள்ளத்தில் இறக்கினால், சேஸிஸ் நம்பர் ஆறு என்பதற்காகச் சட்டம் மடியாமல் இருக்காது.

அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் பழையபடி இதமாகிவிட்டது. போண்டாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உன்ற ஹெச்-ஒன் விசா எக்ஸ்டென்ஷன் ஃபைல் பண்ணோணுமல்ல கண்ணு. வக்கீல் கேட்டுட்டே இருக்கறாரு. நாளைக்குப் பேசிக்கலாமா, இல்ல கொஞ்சம் நாள் போவட்டுமா?”

மிரட்டல் என்று சொல்ல முடியாது. போண்டா வேண்டுமா என்று கேட்கிற அதே குரல். வெண்பாவுக்கு ஆச்சரியம்கூட வரவில்லை. இந்த வாக்கியம் ரெண்டு வருடமாக இந்த வீட்டில் எங்கோ உட்கார்ந்திருந்தது, இன்றைக்கு எழுந்து வந்து கைகுலுக்குகிறது, அவ்வளவுதான். சனிக்கிழமை லோடு இறக்கக் கூப்பிட்டபோதெல்லாம் அது பின்னால் நின்றது. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று அவர் கேட்டபோதெல்லாம் அதுவும் கேட்டது. அப்பாவுக்குப் போன் போடும்போது வேலுமணி அங்கிள் தங்கமான மனுசர் என்று அவள் சொன்னதிலும் அது இருந்தது. அது பொய்யும் இல்லை. தங்கமான மனுசர்தான். தான் சொல்வதை எல்லாரும் கேட்கிற வரைக்கும் தங்கம்.

கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஐசலினில் ஒரு கம்பெனி ரெண்டு வாரமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விசா மாற்றிக்கொள்கிறோம், வா என்று. சம்பளம் பெரிதாக ஒன்றும் கூட இல்லை. அங்கே போனால் ஓக் ட்ரீ ரோட்டில் அரைமணி நேரம் பார்க்கிங் தேட வேண்டும், மாடிப்படிக்கு அடியில் ஒரு ரூம், மார்ச் வரை பனி. அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. இந்த கராஜ்தான் காரணம். துருப் பார்ப்பதும், ஏஜென்ட்டோடு சண்டை போடுவதும், கப்பலிலிருந்து இறங்கிய வண்டி முதல் சாவித் திருகலில் உறுமுவதும். மெக்கானிக்கல் படித்தவளுக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரே என்ஜின் வாசம். அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

மேஜைக்கு அடியில் கட்டைவிரல் வேலை செய்தது. ஐசலின் ஆளுக்கு, சரி, வருகிறேன், பேப்பர் அனுப்புங்கள். ஸ்வர்ணாவுக்கு இன்னும் கொஞ்சம் நீளம்: அக்கா, கம்பெனி வேணாம், இந்த வயசு வண்டிய யார் வேணா சொந்தப் பேர்ல எறக்கலாம், கஸ்டம்ஸ் புரோக்கர் ஒருத்தர் இருந்தா போதும். ஏஜென்ட் நம்பர் கீழ இருக்கு, நீங்க யார்னு அவருக்குத் தெரியும். ஆறு மணிக்கு உங்க வீட்டுக்கு வரேன், சேர்ந்து ஏலம் போடலாம், சாப்பாடு எதாவது இருக்கட்டும்.

ரெண்டும் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக டிக் விழுந்தது. அங்கிள் இன்னும் அவள் பதிலுக்குக் காத்திருந்தார். நஞ்சுண்டன் சமாதானம் பண்ணுகிற முகத்தோடு, விடுப்பா, ரெண்டும் வேணாம், நல்ல கேரியா ஒண்ணு பாப்போம் என்றார்.

வெண்பா லேப்டாப்பை மூடினாள். அது அவளுடையது. சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அதுவும் அவளுடையதுதான். பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கு வேணாம் அங்கிள்” என்றாள். “வக்கீலுக்கு வேலை மிச்சம்.”

சாப்பிட்டுப் போ என்று அவர் சொன்னார், பழக்க தோஷத்தில். புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கதவருகே ஆன்ட்டி முந்தானையை இழுத்துச் செருகியபடி நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. வெண்பா ஒரு கணம் நின்று பார்த்தாள். செருப்பு இருந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தவர் நகர்ந்து வழிவிட்டார்.

வெளியே வெயில் தகித்தது. அவள் காருக்குப் பின்னால் யாரோ ஒரு டைஹாட்சு ஹைஜெட் குட்டி டிரக்கைக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்தார்கள், விற்றுப்போன வண்டி, கண்ணாடியில் மஞ்சள் சந்தனம், சக்கரத்தடியில் நசுங்கக் காத்திருக்கிற எலுமிச்சம்பழம். சாவி உள்ளேயே தொங்கியது. வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை மிதித்து, ரிவர்ஸ் போட்டு, பூஜை இல்லாமலே பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியைப் புல்வெளி ஓரத்தில் கொண்டுபோய் விட்டாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். உள்ளேயிருந்து அங்கிள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, கோபமில்லாமல், போண்டா ஆறிப்போகிறது என்கிற குரலில்.

தன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். செலைனாவுக்கு முக்கால் மணி நேரம். வழியில் தயிர் வாங்க வேண்டும். அக்கா வீட்டில் தயிர் ஒருநாளும் இருந்ததில்லை.